பூ ஒழிப்பு வாரம்

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகும் மனிதன் காட்டுமிராண்டியாகத்தான் இருந்தான். சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகும் அப்படியேதான். கொஞ்சம் வேகமாகப் போகிற காட்டுமிராண்டி, அவ்வளவுதான். என்றைக்கு நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, அதில் ஒருவர் தொண்டையைக் கனைத்து, "சரி, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டாரோ, அன்றைக்குத்தான் நாகரிகம் பிறந்தது. இதில் சந்தேகம் உள்ளவர்கள் தனியாக ஒரு கூட்டம் போட்டுப் பேசிக்கொள்ளலாம்.

அந்த நாகரிகம் அவள் சமையலறைக்கு வந்து சேர்ந்தது வசந்த காலத்து ஒரு திங்கட்கிழமை காலையில். கொண்டு வந்தவர் அவள் கணவர். ஏதோ ஒரு பெரிய அலுவலகத்தில் துணை மேலாளர். அங்கே என்ன தயாராகிறது என்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார். ஆனால் அதைப் பற்றித் தினமும் கூட்டம் நடக்கிறது, அது நிச்சயம். போன வாரம் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, பிஸ்கட் சாப்பிட்டு, 'மூல காரணம்' என்கிற மந்திரத்தோடு திரும்பியிருந்தார். பிரச்சினை வந்த பிறகு அதன் பின்னால் ஓடக் கூடாதாம். அது எங்கே பிறக்கிறதோ அங்கேயே போய் அமுக்கிவிட வேண்டுமாம்.

கரண்டியால் டம்ளரைத் தட்டிக் கூட்டத்தைத் தொடங்கினார்.

"வசந்தம் வந்தாச்சு. தோட்ட வேலை, வீட்டு வேலை எல்லாத்தையும் இந்த வாரம் முறையா செய்யப் போறோம். வருஷா வருஷம் நடக்கிற மாதிரி தாறுமாறா இல்ல."

வருஷா வருஷம் தாறுமாறாகச் செய்துகொண்டிருந்தவள் அடுப்பில் பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். குளிர் விட்டதும் தோட்டத்தில் மக்கிக் கிடக்கும் சருகை வாருவாள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்குள் கையை விட்டு அடைப்பை எடுப்பாள். ரோஜாவைக் கவாத்து செய்வாள், புல்லை வெட்டுவாள், கம்பளியையெல்லாம் வெயிலில் போடுவாள், திரைச்சீலைகளைக் கழற்றித் துவைப்பாள். நடுநடுவே மூன்று வேளையும் சமைப்பாள். இதையெல்லாம் ஒரு கூட்டம்கூடப் போடாமல் இத்தனை வருஷம் செய்திருக்கிறாள் என்றால், அந்த அநாகரிகத்தை என்னவென்று சொல்வது!

பொறுப்புகள் பிரிக்கப்பட்டன. கல்லூரியில் படிக்கும் மகனுக்குத் 'தொழில்நுட்பம்'. எந்நேரமும் போனும் கையுமாக இருக்கும் மகளுக்கு 'ஒளிப்பதிவு'. எல்லாவற்றிலும் கஷ்டமான 'மேற்பார்வை'யைத் துணை மேலாளர் தன் தோளில் போட்டுக்கொண்டார். சும்மா சொல்லக் கூடாது, கஷ்டமானதை அடுத்தவர் தலையில் கட்டுகிற பழக்கமே அவரிடம் கிடையாது.

"அப்ப அம்மாவுக்கு?" என்றாள் மகள்.

"அம்மாவுக்குக் களப்பணி."

மூவரும் கை தட்டினார்கள். களப்பணியாளர் பாலை இறக்கி வைத்தாள்.

"ஏங்க, எனக்கு ஒண்ணு சொல்லணும்."

"தாராளமா சொல்லு. இங்க எல்லாருக்கும் பேச உரிமை இருக்கு."

"நம்ம பேரிக்காய் மரம் மொட்டு விட்டிருக்கு. வருஷா வருஷம் அது பூக்கிற வாரம்தான் எனக்கு இந்த வேலையெல்லாம் வந்து நிக்குது. குனிஞ்ச தலை நிமிர்றதுக்குள்ள பூவெல்லாம் கொட்டிப் போயிடுது. இந்த வருஷமாவது வேலையை எல்லாம் முடிச்சிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் அது கீழ ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்து பாக்கணும். அவ்வளவுதான்."

அவள் சொன்னது சத்தியம். அந்தப் பூவை அவள் மரத்தில் பார்த்ததில்லை, முறத்தில்தான் பார்த்திருக்கிறாள். அது பூத்தால் நாலு நாள், பலமாகக் காற்றடித்தால் அதுவும் இல்லை.

"அருமையான கருத்து," என்றார் துணை மேலாளர். "கடைசியில 'இதர விஷயங்கள்'னு வரும், அப்ப எடுத்துக்கலாம்."

இதர விஷயங்கள் வருவதற்குள் அவருக்கு ஆபீஸ் நேரம் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மூல காரணம் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. சமையல் மேடையில் எறும்பு. அவள் துணியை எடுத்துக்கொண்டு துடைக்க வந்தாள். துணை மேலாளர் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"துடைச்சா நாளைக்கு மறுபடியும் வரும். எறும்போட மூல காரணம் என்ன? சர்க்கரை!"

சர்க்கரை டப்பாவை அவரே எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ வைத்தார். எறும்பு அதைச் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டது. மனிதர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை, வைத்தவர் உட்பட. அந்த வாரம் முழுக்க வீட்டில் சர்க்கரை இல்லாத டீ. அடுத்து ஜன்னல். கண்ணாடியில் தூசி படிவதன் மூல காரணம் ஜன்னலைத் திறப்பது என்று தெரிய வந்ததால், எல்லா ஜன்னல்களும் சாத்தப்பட்டன. சமையலறைப் புகையில் இருமி இருமிக் கண்ணில் நீர் வழிய அவள் குழம்பைத் தாளித்தாள். மகள் அதைப் படம் பிடித்து, 'எங்கள் வீட்டு வசந்தம்' என்று தலைப்பு போட்டாள்.

மகனும் சும்மா இருக்கவில்லை. சருகு வாருவதற்கு எந்தத் துடைப்பம் உடம்புக்கு நல்லது என்று கட்டிலில் படுத்தபடி போனில் ஆராய்ந்தான். அவன் ஒரு முடிவுக்கு வருவதற்குள் அவள் பழைய துடைப்பத்தாலேயே தோட்டம் முழுவதையும் வாரி முடித்திருந்தாள்.

"அவசரப்பட்டுட்டியேம்மா," என்று வருத்தப்பட்டான்.

புதன்கிழமைக் கூட்டத்தில் அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள். தண்ணீர்க் குழாய் அடைப்பை எடுத்ததில் முழங்கைவரை சேறு காய்ந்திருந்தது.

"ஏங்க, அந்த மரம் பூக்க ஆரம்பிச்சிடுச்சு. நான் சொன்னேனே, சனிக்கிழமை..."

"பூதானே? உதிர்ந்து கொட்டுது, பெருக்கி மாளலை. புரியுது, புரியுது."

"அது இல்லைங்க..."

"கவனத்துல எடுத்துக்கிட்டாச்சு. அடுத்தது?"

ஒரு பெண்ணின் பேச்சை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்ளும் கணவன் எத்தனை பேருக்கு வாய்ப்பான்! அவள் முடிப்பதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிடும். சில நாள் அவள் ஆரம்பிப்பதற்கு முன்பே.

வியாழக்கிழமை அவள் வேலி ஓரம் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்தாள்.

"உங்க மரம் என்னமா பூத்திருக்கு! நான் எங்க மாடியிலேர்ந்து நேத்துலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன். கண்ணை எடுக்க முடியலை."

"அப்படியா டீச்சர்? எப்படி இருக்கு?"

"உங்க மரத்தை என்கிட்ட கேக்கறீங்களே! நிமிர்ந்து பாருங்க."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். கழுத்தைத் தூக்கினாள். வெள்ளையாக என்னவோ கண்ணில் பட்டதுதான் தாமதம், உள்ளேயிருந்து மகன் கத்தினான்: "அம்மா! என் நீலச் சட்டை எங்க?"

"நாளை மறுநாள் நல்லா பாத்துக்கறேன் டீச்சர்," என்று சொல்லிவிட்டு ஓடினாள். நீலச் சட்டை அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகிலேயே தொங்கியது.

வெள்ளிக்கிழமை அவளுக்கே தன் குரல் உயர்ந்தது ஆச்சரியமாக இருந்தது. அவர் கரண்டியால் டம்ளரைத் தட்டுவதற்கு முன்பே பேசினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. கம்பளி எல்லாம் காஞ்சு மடிச்சாச்சு. திரைச்சீலை மாட்டியாச்சு. நாளைக்கு மத்தியானத்தோட என் வேலை முடியுது. ராத்திரிக்கும் சேர்த்துச் சமைச்சு வெச்சிடுவேன். சாயங்காலம் நான் அந்த மரத்தடியிலதான் இருப்பேன். யாரும் கூப்பிடக் கூடாது, எதையும் எங்கன்னு கேக்கக் கூடாது. எனக்கு அந்தப் பூவைப் பாக்கணும்."

மகளே போனிலிருந்து தலையைத் தூக்கினாள். துணை மேலாளர் நெற்றியைச் சுருக்கி, வெகுநேரம் தலையாட்டினார்.

"வாரம் பூரா அம்மா அந்தப் பூ விஷயத்தையே சொல்லிட்டு இருக்காங்க. நாமதான் அலட்சியமா இருந்துட்டோம். இதுக்கு நாளைக்கே ஒரு நிரந்தர ஏற்பாடு செஞ்சிடறேன். நீ கவலையை விடு."

நிரந்தர ஏற்பாடு என்றால் மரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டுத் தரப் போகிறாரோ என்று அவளுக்குத் தோன்றியது. கல்யாணமான புதிதில் கடைத்தெருவில் ஒருமுறை அவள் கேட்காமலே குடை வாங்கித் தந்த மனிதர் இவர். மனசுக்குள் அவரை அதுவரை திட்டியதற்கெல்லாம் அன்று ராத்திரி மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை சொன்னபடி மத்தியானத்தோடு வேலை முடிந்தது. கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுக் குளிக்கப் போனாள். நகத்துக்குள் போயிருந்த மண்ணைத் தேய்த்து எடுத்தாள். விசேஷத்துக்குப் போகிற மாதிரி நல்ல உடையாக எடுத்து உடுத்திக்கொண்டாள். சர்க்கரை இல்லாத டீயை ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு, பின்கதவைத் திறந்தாள்.

அந்த வீட்டு வரலாற்றில் முதல்முறையாகக் குடும்பமே தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தது.

துணை மேலாளர் ஏணியின் உச்சியில் நின்று, ஒட்டடைக் கம்பால் ஒவ்வொரு கிளையாக அடித்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் நண்பரிடம் இரவல் வாங்கிய, சருகை ஊதித் தள்ளும் மெஷினை மகன் மரத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்திருந்தான். அது போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெரு நாய்கூட ஓடிவிட்டது. மகள் நாலா பக்கமும் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தாள். மரத்தில் பூ அநேகமாக இல்லை. நுனிக்கிளையில் பாக்கியிருந்த ஒரு கொத்தையும் அவள் கண் முன்னால் கம்பு தட்டிவிட்டது.

"இரு, இரு, வந்துடாதே! இன்னும் கொஞ்சம்தான்!" என்றவர், வேர்க்க விறுவிறுக்க இறங்கி வந்தார். தலையெல்லாம் இதழ். முகமெல்லாம் சிரிப்பு. "எப்படி? பெருக்கப் பெருக்கக் கொட்டுதேன்னு இனி உனக்குக் கஷ்டமே கிடையாது. உதிர்றதோட மூல காரணம் என்ன? பூக்கிறது! எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சாச்சு. இதை ஒரு தடவை பெருக்கிட்டா போதும்."

பெருக்குவது களப்பணி என்பதால் அதில் அவர்கள் யாரும் தலையிடவில்லை.

சத்தம் கேட்டு வேலியருகே வந்த டீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயையோ, பூவை அடிச்சிட்டா அப்புறம் காய் எப்படிங்க காய்க்கும்?"

துணை மேலாளர் இதை யோசித்திருக்கவில்லை. ஆனால் பயிற்சி பெற்றவர் அல்லவா? ஒரு நொடிதான் திகைத்தார்.

"காய்ச்சா இவதானே பறிக்கணும்? இவதானே தோலைச் சீவி, நறுக்கி, ஜாம் கிண்டணும்? அந்த வேலையும் மிச்சம்!"

"சூப்பர்ப்பா!" என்றாள் மகள். "அம்மா, இங்க பாரு. அப்பா உனக்காக இவ்வளவு செஞ்சிருக்காரு. எப்படி இருக்குன்னு சிரிச்சிட்டே ரெண்டு வார்த்தை சொல்லு."

போன் அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது. அவள் சிரிக்கவில்லை. டீ டம்ளரை மகளின் கையில் கொடுத்தாள். ஓரமாகக் கிடந்த நாற்காலியை இழுத்து வந்து மொட்டை மரத்தடியில் போட்டு, இதழ்களை மிதித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வெறும் கிளைகள்தான் தெரிந்தன. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

மெஷின் நின்றது. துணை மேலாளர் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"எனக்கு அந்தப் பூவைப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சுங்க."

"அடடா!" அவர் உண்மையிலேயே பதறிப்போனார். "அவ்வளவு ஆசை இருந்தா ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. திங்கக்கிழமை சொன்னேன். புதன்கிழமை சொன்னேன். நேத்தும் சொன்னேன்."

"எப்ப?"

"நீங்க கூட்டம் போட்டப்போ."

துணை மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா நீ, விவரம் தெரியாதவளா இருக்கியே! கூட்டத்துல பேசுறதையெல்லாம் யாராவது காது குடுத்துக் கேப்பாங்களா?"

இதை ஆபீஸில் சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். வீடு என்பதால் அடுத்த வார்த்தையாக, "பசிக்குது," என்றார்.