நூற்றுப் பதினேழு புகார்களும் ஒரு கோல்கீப்பரும்

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் என் முழங்கால் வலியும் சேர்ந்து நலமாக இருக்கிறோம். அங்கு அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நிற்க. நிற்க முடியாமல் குதித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உங்கள் மருமகள் இந்த நாட்டுப் பெண்கள் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர் ஆகிவிட்டாள்!

லேசில் ஆகவில்லை. பயிற்சியாளர் போன மாதமே தேர்ந்தெடுத்துவிட்டார், முட்டுக்கட்டை போட்டது கால்பந்துச் சங்க அலுவலகம். போன வருடம் கிடைத்த குடியுரிமை மட்டும் போதாதாம். அவளோ, பெற்றவர்களோ, தாத்தா பாட்டியோ இங்கே பிறந்திருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் ஐந்து வருடம் விடாமல் குடியிருந்ததற்கு அத்தாட்சி வேண்டுமாம். நாலு வருடத்துக்குப் பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது. முதல் வருடம் படித்த பள்ளியிலோ குழாய் வெடித்துப் பதிவேடெல்லாம் கூழாகிவிட்டது. என் சம்பளச் சீட்டைக் காட்டினேன். "இது நீங்க இருந்ததுக்குச் சாட்சி. பொண்ணு இருந்ததுக்கு?" என்றார் அலுவலகப் பெண்மணி. மறுநாள் வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணியோடு பெயர்ப் பட்டியல் மூடிவிடும். நான் லிஃப்ட் மெக்கானிக், நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களை எத்தனையோ முறை மீட்டிருக்கிறேன், பெற்ற மகளை மீட்க வழி தெரியாமல் வீடு திரும்பி எங்கள் கட்டட மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது கீழ்வீட்டுக்காரர் வந்தார். ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர். அவருக்கும் எங்களுக்கும் ஏழாம் பொருத்தம்.

"என்ன, இன்னிக்குப் பந்துச் சத்தமே காணோம்? பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

விஷயத்தைக் கொட்டினேன். உள்ளே போனவர் தடித்த கோப்போடு திரும்பினார். அந்த முதல் வருடத்தில் மட்டும் எங்கள்மேல் கட்டட நிர்வாகத்துக்கு அவர் எழுதிய புகார்கள், மொத்தம் நூற்றுப் பதினேழு, தேதி, மணி, ரப்பர் முத்திரை சகிதம்!

வெள்ளிக்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு ஓடினோம். பெண்மணி ஒரு புகாரை வாசித்தார்: "மாலை ஐந்து பத்து. மூன்றாம் மாடிப் பெண் கட்டடத்தின் பின்சுவரில் பந்தை அடித்து அடித்துப் பிடித்தாள். நாற்பத்தாறு முறை." நிமிர்ந்து பார்த்தார். "நாப்பத்தாறையும் பிடிச்சாளா?"

"ஒண்ணுகூட நழுவல. நழுவியிருந்தா அதுக்குத் தனியா எழுதியிருப்பேன்."

"வருஷம் முழுக்க இங்கதான் இருந்தாள்னு உறுதியாச் சொல்றீங்களா?"

"இருந்தாளாவா? ஒரே ஒரு நாள் ஊர்ல இல்லாம போயிருந்தா, அன்னிக்காவது நான் கண்ணசந்திருப்பேனேம்மா!"

மூன்று ஐம்பத்திரண்டுக்கு அனுமதி முத்திரை விழுந்தது. மகள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மனிதர் கட்டை மாதிரி நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பொண்ணுக்கு எதுக்குப் பந்து?"ன்னு ஃபோனில் கேட்டீங்களே, இப்பக் கேளுங்க மச்சான்! இனி நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள். வேறெந்த நாடு ஜெயித்தாலும் இந்தக் கை தட்டாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் கட்டடத்து லிஃப்டுக்கு மறக்காமல் எண்ணெய்.

இப்படிக்கு,
கோல்கீப்பரைப் பெற்றவன்

பி.கு.: இப்போதுதான் ஆட்ட அட்டவணை வந்தது. முதல் ஆட்டமே உங்கள் நாட்டோடு, அதாவது நம் நாட்டோடு. "அவங்க கோல் போட்டா என்னப்பா பண்ணுவீங்க?" என்று மகள் கேட்டாள். யோசிக்காமல் "கோல்!" என்று துள்ளியெழுந்து கத்திக் காட்டிவிட்டேன். என் டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டாள். தாய்மாமன் சொன்னால் கேட்பாள். கொஞ்சம் பேசி வாங்கித் தாங்க மச்சான்.