இஸ்திரி போட்ட மக்ரூன்

தேங்காய்க்கு இஸ்திரி போட வேண்டி வரும் என்று டெய்லரக்கா அன்று காலை எழுந்தபோது நினைக்கவே இல்லை. ஆனால் இதோ, தையல் அறையின் இஸ்திரி மேஜையில் வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் துருவின தேங்காயைப் பரப்பி, இன்னொரு துணியால் மூடி, பெட்டியை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். ஈரம் போக வேண்டுமாம். மக்ரூனுக்குக் காய்ந்த தேங்காய்த்தூள்தான் போட வேண்டுமாம். அது பாக்கெட்டில் விற்கிறதாம். இத்தனையும் அவளுக்குத் தெரியவந்தது, முதல் தட்டு ஓவனுக்குள் கஞ்சியாக ஓடின பிறகு.

அவள் வீட்டுக்காரர் கதவோரமாக நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றாலும் பதறாமல் போய்ப் பார்க்கிற மனுஷன், சொந்த வீட்டில் மட்டும் எதையும் யோசித்துத்தான் பேசுவார்.

“தெருமுனையில பேக்கரி திறந்துதான் இருக்கு” என்றார். “ஒரு டப்பா வாங்கிட்டு வந்துடட்டுமா?”

“தாராளமாப் போங்க. போனா அங்கயே ஒரு வேலையும் பாத்துக்குங்க. இங்க திரும்பி வரவேணாம்.”

அவர் போகவில்லை.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை, மானப் பிரச்சினை. வீட்டுக்காரரின் அக்கா, அதாவது டெய்லரக்காவின் நாத்தனார், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் புருஷனோடு சாப்பிட வருவாள். வரும்போது ஒரு டப்பா நிறையத் தேங்காய் மக்ரூன். தன் கையால் செய்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் ஒரே வசனம்: “உனக்கெதுக்கு இந்தச் சிரமமெல்லாம்? நீ பாட்டுக்கு மெஷின்ல உக்காரு. நான் செஞ்சு எடுத்துட்டு வரேன்.”

கேட்கிறவர்களுக்குக் கரிசனமாகத்தான் தோன்றும். டெய்லரக்காவுக்கா தெரியாது? உனக்கு மெஷினை மிதிக்கத்தான் தெரியும், அடுப்பெல்லாம் உனக்கு ஒத்து வராது என்று அதற்கு அர்த்தம். தையலில் ஒரு நூல் பிசகினாலே கண்டுபிடிக்கிறவள், பேச்சில் இருக்கிற ஊசியைக் கண்டுபிடிக்க மாட்டாளா என்ன.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. டெய்லரக்காவுக்குத் தேங்காய் மக்ரூன் கட்டோடு பிடிக்காது. வாயில் போட்டால் மெல்லவும் முடியாது, முழுங்கவும் முடியாது, பல்லிடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டு மறுநாள் மதியம் வரை உயிரை வாங்கும். ஆனால் வேண்டாமென்று சொல்லலாமோ? பொறாமையில் வேண்டாமென்கிறாள் என்று ஆகிவிடும். அதனால் நாத்தனார் மூன்று வைத்தால் இவள் நான்காவதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். தட்டில் ஒரு துகள் மிஞ்சாது. உன் மக்ரூனைக் கண்டு நான் அசருகிறவள் இல்லை என்று நாத்தனார் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லுவாள். வருஷக் கணக்காக இந்த வீறாப்பு நடந்துகொண்டிருந்தது.

போன வாரம் பொறுமை விட்டுப்போனது. தானே போன் செய்தாள்.

“இந்தத் தடவை நீங்க வெறுங்கைய வீசிக்கிட்டு வாங்க அண்ணி. மக்ரூன் நான் செய்றேன்.”

மறுமுனையில் நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது.

“நிஜமாத்தான் சொல்றியா?”

“நிஜமாத்தான்.”

“அப்புறமா பேச்சை மாத்த மாட்டியே?”

பார்த்தீர்களா திமிரை. டெய்லரக்கா போனை வைத்துவிட்டு அன்று முழுக்க மெஷினை மிதித்த மிதியில் ஊசி உடைந்தது.

ஆக, இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை. மதியம் அவர்கள் வந்துவிடுவார்கள். தோற்றால் இனி ஆயுசுக்கும் அந்த டப்பாதான், அந்த வசனம்தான். அவளுக்கு அதை நினைத்தாலே காதில் புகை வந்தது.

சமையலறையின் பிளக் பலவீனமானது என்பதால் ஓவனைத் தையல் அறைக்குக் கொண்டுவந்திருந்தாள். அதில் ஒரு தைரியமும் இருந்தது. இது அவள் ராஜ்யம். இங்கே அவள் கெடுத்ததை அவளே சரிசெய்யாமல் விட்டதில்லை. துணி தளர்ந்தால் பிடிக்கலாம், இறுகினால் பிரித்து விடலாம், பத்தாவிட்டால் ஒட்டுப் போடலாம். தேங்காயும் முட்டையும் சர்க்கரையும் அதைவிடப் பெரிய கொம்பா?

முட்டையின் வெள்ளையை நுரைக்க நுரைக்க அடிக்க வேண்டும். கை கடுத்துப்போனதே தவிர நுரை வரவில்லை. இங்கேதான் வீட்டுக்காரருக்கு உற்சாகம் பிறந்தது. தன் டிரில் மெஷினை எடுத்துவந்து, முனையில் முட்டை அடிக்கிற கம்பியை மாட்டி, “இதுக்குப் போய் இவ்ளோ கஷ்டப்படுறியே” என்றார். கான்கிரீட்டைத் துளைக்கிற வேகம் அது. பட்டனை அழுத்தினதுதான் தாமதம், பாதி வெள்ளை பாத்திரத்தில் மலையாக எழுந்தது, மீதிப் பாதி தைத்து முடித்துச் சுவரில் மாட்டியிருந்த ஒரு வக்கீலின் கருப்புக் கோட்டில் போய் உட்கார்ந்தது.

வக்கீல் கோட்டை மறுநாள் காலை கேட்டிருந்தார்.

டெய்லரக்கா கத்தவில்லை. ஈரத்துணியால் கோட்டைத் துடைத்தாள். ஈரம் காய வேண்டுமே என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். அந்தப் பெட்டி காலையிலிருந்து தேங்காயைத் தேய்த்த பெட்டி என்பது இழுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. கோட்டின் மார்பில் எண்ணெய் பளபளவென்று ஒரு பட்டையாக நின்றது. வக்கீல் அதைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் நீதிபதிக்கே பசிக்கும், அப்படி மணத்தது.

எண்ணெயை இழுக்க மார்க் போடுகிற சாக்கட்டிதான் மருந்து. நீலச் சாக்கட்டியைப் பொடித்துக் கோட்டின்மேல் தூவி, ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, ஓங்கித் தட்டினாள். எண்ணெய் போய்விட்டது, அதைச் சொல்லியாக வேண்டும். பறந்த பொடி எங்கே போனது என்று திரும்பிப் பார்த்தால், வெள்ளை மலையின் உச்சியில் லேசான ஆகாய நீலம்.

“கொட்டிடு” என்றார் வீட்டுக்காரர். “விஷப்பரீட்சை வேணாம்.”

“மேலாக எடுத்துட்டா சரியாப் போச்சு. நீங்க அந்த டிரில்லைக் கண்ணுல படாத இடத்துல வைங்க.”

நீலத்தைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டு, இஸ்திரி போட்ட தேங்காயைப் போட்டுக் கிளறினாள். தேங்காயில்தான் எண்ணெய் கசிந்திருந்ததே. கண் முன்னாலேயே மலை இறங்கி, சமவெளியாகி, கடைசியில் குளமாயிற்று. தளர்ந்துவிட்டதா, பிடித்துவிட வேண்டியதுதான் என்று மைதா மாவைப் போட்டாள். இறுகி, கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. இறுகினால் விட்டுவிட வேண்டியதுதான் என்று இன்னும் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினாள். மறுபடி தளர்ந்தது. மறுபடி மைதா. கிண்ணம் பத்தாமல் குண்டானுக்கு மாற்றினாள், வீட்டில் இருந்த மாவெல்லாம் தீர்ந்த இடத்தில் பதம் வந்துவிட்டதாக அவளே தீர்மானித்தாள். துணி என்றால் பிரித்த தையலைப் பிரித்தபடியே விட்டு யோசிக்கலாம், இது யோசிக்க விடமாட்டேன் என்கிறதே என்று அவளுக்கு அழுகை முட்டியது. அழவில்லை. அழுதால் அதுவும் குண்டானுக்குள் விழும்.

தட்டில் விரிக்கிற காகிதம் இல்லை. அளவு வரைந்து வெட்டுகிற பிரவுன் பேப்பர் சுருள் சுருளாக இருந்தது. அதில் ஒன்றை விரித்து, இஞ்சு டேப் வைத்து இடைவெளி பார்த்து, உருண்டை உருண்டையாக வைத்தாள். அளவில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாத்தனாரின் மக்ரூனெல்லாம் இதன் முன்னால் நிற்க முடியாது. பெருமையோடு ஓவனுக்குள் தள்ளி சுவிட்சைப் போட்டாள். இஸ்திரிப் பெட்டியை அணைக்கவில்லை.

பட்டென்று வீடு முழுக்கக் கரண்ட் போனது.

வீட்டுக்காரர் ஃபியூஸைத் தேடி, கம்பியைத் தேடி, ஸ்குரூ டிரைவரைத் தேடி, இந்த வயரிங் செய்தவனை வாயாரத் திட்டிவிட்டு ஒருவழியாகக் கரண்டை வரவழைத்தார். அதற்குள் வெதுவெதுப்பான ஓவனுக்குள் உருண்டைகளெல்லாம் ஒன்றோடொன்று ராசியாகி, தட்டு நிறைய ஒரே பாயாகப் படர்ந்திருந்தன. கரண்ட் வந்ததும் பாய் அப்படியே வெந்தது. வெளியே எடுத்துத் தட்டினால் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். “இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. பேக்கரியில வாங்கி நம்ம டப்பாவுல போட்டு வச்சா யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியும்” என்றாள் டெய்லரக்கா. “கல்லா இருந்தாலும் என் கல்லு. வச்சா இதைத்தான் வைப்பேன்.”

துணி ஓரத்தை நெளிநெளியாக வெட்டுகிற பல் கத்தரியை எடுத்தாள். நூல்கண்டு டப்பாவின் மூடியைப் பாயின்மேல் வைத்துச் சாக்கட்டியால் கோடு போடப்போனவள், சாக்கட்டி செய்த உபகாரம் ஞாபகம் வந்து ஊசியால் கீறினாள். கத்தரி முனகியது, கை கன்றியது, ஆனாலும் வட்டம் வட்டமாக வெட்டித் தள்ளிவிட்டாள். ஓரமெல்லாம் அழகான பல் பல்லாக வந்தது. அடியில் ஒட்டின காகிதத்தை உரித்ததில் பெரும்பகுதி வந்துவிட்டது. ஒன்றிரண்டில் ஒட்டிக்கொண்ட காகிதத்தில் யாருடைய ஜாக்கெட் கைக்கோ போட்ட கோடு வளைவாகத் தெரிந்தது, அவற்றை அடியில் போட்டு அடுக்கினாள்.

அழைப்பு மணி அடித்தது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

நாத்தனார் உண்மையாகவே வெறுங்கையை வீசிக்கொண்டுதான் வந்தாள். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பத்து வயது குறைந்தமாதிரி இருந்தாள். என் தோல்வியைப் பார்க்க இவ்வளவு ஆசையா என்று டெய்லரக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னாலேயே நாத்தனாரின் புருஷன். இந்த வீட்டுக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து ‘சரி’, ‘போதும்’ என்ற இரண்டு சொல்லுக்கு மேல் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

சாப்பாடு முடிந்தது. டெய்லரக்கா தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். ஆளுக்கு மூன்று எடுத்து வைத்தாள். வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார்.

நாத்தனார் ஒன்றை எடுத்தாள். கடித்தாள். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பல்லா மக்ரூனா என்று டெய்லரக்காவுக்கே சந்தேகம். நாத்தனார் நிறுத்தவில்லை. மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியது. தண்ணீரைக் குடித்து விழுங்கி, இரண்டாவதை எடுத்தாள். பிறகு மூன்றாவது. தட்டு காலியானதும் நிமிர்ந்து டெய்லரக்காவைப் பார்த்தாள்.

“நல்லாயிருக்கு. இன்னொண்ணு வை.”

டெய்லரக்காவின் நெஞ்சு பட்டாளக்காரன் நெஞ்சாக நிமிர்ந்தது. தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாளே. கண் கலங்கிவிட்டாள் நாத்தனார். தோற்றவளின் கண்ணீர் அல்லாமல் அது வேறென்ன? காலையிலிருந்து பட்ட பாடு, டிரில், கோட்டு, ஃபியூஸ் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கழுவிக்கொண்டு போயிற்று. அவளுக்கு அழவேண்டும் போலவும் இருந்தது, ஆடவேண்டும் போலவும் இருந்தது.

“எத்தனை வேணும்னாலும் சாப்பிடுங்க அண்ணி” என்றாள். நான்காவதோடு ஐந்தாவதையும் சேர்த்து வைத்தாள். “இனிமே நீங்க அடுப்புப் பக்கம் போகவே வேணாம். மாசாமாசம் நான்தான் செய்யப்போறேன். உங்க வீட்டுக்கும் ஒரு டப்பா தனியாப் போட்டுத் தரேன். யார் சொன்னாலும் விடமாட்டேன்.”

நாத்தனாரின் கை பாதி வழியில் நின்றது. அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த மக்ரூனைத் தட்டிலேயே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தங்கச்சி, நீ கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுறியேன்னுதான் இவ இத்தனை வருஷமா இதைச் செஞ்சா, எங்க வீட்டுல இவளையும் சேத்து ஒருத்தருக்கும் தேங்காய் மக்ரூன் தொண்டையில இறங்காது.”