நாற்பது பேரை ஓடவிட்ட தியானம்

தியானம் நடத்தி நாற்பது பேரை ஓடவிட்ட ஆள் இந்த மாநிலத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் ஒரே நாளில் இரண்டு முறை. இதை வெளியே சொல்லக் கூசிய காலம் ஒன்று இருந்தது. இப்போதோ யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்து சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு ஜவ்வரிசி ஆலையில் எனக்கு வேலை. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு லாரி லாரியாக இறங்கும். சீசனில் அரவை மெஷின் இராப்பகலாக ஓடும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது, வாய் அசைவதை வைத்துத்தான் அவன் திட்டுகிறானா, டீ வேண்டுமா என்கிறானா என்று கண்டுபிடிக்க வேண்டும். இடைவேளையில் ஆட்கள் அந்த மெஷினுக்கு இருபது அடி தள்ளியிருக்கும் சாக்கு மூட்டைகள் மேல் படுத்து அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார்கள். மெஷின் நின்றால் மட்டும் அத்தனை பேரும் ஓட வேண்டும். அரைபட்ட கிழங்குப் பால் தேங்கினால் புளித்துப்போகும், அன்றைய சரக்கு முழுக்க வீண். அதனால் சத்தம் நின்றதும் எழுந்து ஓடுவது என்பது எங்கள் ஆலையில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே உடம்பில் ஏறிவிடுகிற பழக்கம்.

அங்கே இரவு ஷிப்ட் மேற்பார்வையாளராக வருடக்கணக்கில் இருந்தேன். என் மகள் யாழினி நடக்க ஆரம்பித்ததை நான் செல்போனில்தான் பார்த்தேன். நான் வீட்டுக்கு வரும்போது அவள் தூங்குவாள், அவள் எழும்போது நான் தூங்குவேன். "அப்பா எங்கே?" என்று யாராவது கேட்டால் கட்டிலைக் காட்டுவாள். கட்டில் காலியாக இருந்தாலும் அதைத்தான் காட்டுவாள். சிரிக்கிற மாதிரி இருக்கும். எனக்கு அழுகைதான் வரும்.

இந்த நிலையில்தான் ஆலையின் மனிதவள அதிகாரி வேலையை விட்டுப் போனார். அஞ்சல் வழியில் நான் வாங்கி வைத்திருந்த ஒரு பட்டயம் முதல்முறையாகப் பயன்பட்டது. பகல் வேலை, நாற்காலி, மின்விசிறி. ஆனால் தற்காலிகம். சரியாகச் செய்தால் நிரந்தரம், சொதப்பினால் மறுபடி இரவு ஷிப்ட். (பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் நான் அடித்த விசிட்டிங் கார்டில் "தற்காலிகம்" என்ற சொல்லுக்கு இடம் போதவில்லை.)

வந்தவுடன் முதல் வேலையே அந்தச் செயலிதான். ஊழியர்களின் தூக்கம், மன நலம், உற்பத்தித் திறன் மூன்றையும் ஒரே போனுக்குள் வைத்துத் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் சென்னைத் தலைமை அலுவலகத்தில் விற்றிருந்தது. அதற்கு ஏதோ நீளமான வடமொழிப் பெயர். எங்கள் ஆட்கள் "தூக்க ஆப்பு" என்று சுருக்கிவிட்டார்கள். ஆளுக்கொரு கைப்பட்டையும் வந்தது. மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் நாம் அமைதியாக இருக்கிறோமா, பதற்றமாக இருக்கிறோமா என்று அது கணினிக்குச் சொல்லிவிடும்.

சொல்லியது. நாற்பது பேரும் பதற்றம் என்றே சொல்லியது. செயலியை யாரும் கேட்கவே இல்லை. உரிப்புப் பிரிவில் கிழங்கு சீவும் சின்னப்பொண்ணு அக்காவிடம் காரணம் கேட்டேன்.

"யாரு சார் அந்தப் பொண்ணு? 'மெதுவாக மூச்சை இழுங்கள்'னு சொல்லிக்கினே கீறா. கொரலே எழும்பல. சாப்டாளா இல்லியான்னு நமக்குத்தான் கவலையா கீது."

நான் மேதாவி அல்லவா? உட்கார்ந்து யோசித்துத் தலைமை அலுவலகத்துக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். "ஆலையின் இரைச்சலே நம் ஊழியர்களின் மன அமைதிக்கு முதல் எதிரி. அவர்களை இரைச்சலே இல்லாத இடத்துக்கு ஒரு நாள் அழைத்துச் சென்றால் செயலியின் பயனை உணர்வார்கள்." கல்வராயன் மலைமேல் இருக்கும் கரியாலூரில் ஒரு தங்கும் விடுதியின் கூடத்தையும் பரிந்துரைத்தேன். அந்த நாட்களில் பகல் வேலைக்கு மாறிய எனக்கே வீட்டில் தூக்கம் வரவில்லை. மெத்தை சரியில்லை என்று மனைவி செல்வியிடம் சண்டை போட்டுப் புது மெத்தை வாங்கியிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற அறிவு எனக்கு அப்போது இல்லை.

தலைமை அலுவலகம் ஒப்புக்கொண்டது. மேற்பார்வைக்கு நிவேதிதா என்கிற நலத்துறை மேலாளரை அனுப்பியது. என் நிரந்தரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

ஆலைக்கு விடுமுறை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேனிலும் பஸ்ஸிலுமாக மலையேறினோம். ஆட்கள் சுற்றுலா என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அரவை மெஷின் ஆபரேட்டர் ஆறுமுகம் அருவிக்குப் போகத் துண்டு, சோப்பு எல்லாம் எடுத்து வந்திருந்தான்.

"மொதல்ல தியானம், அப்புறம் அருவி" என்றேன்.

"குளிச்சிட்டு தியானம் பண்ணா இன்னா சார் தப்பு? சாமி கும்புடறதே குளிச்சிட்டுதான?" என்றான். முறைத்துவிட்டுப் பாயை விரிக்கச் சொன்னேன்.

கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் படுத்தார்கள். முன்னால் நிவேதிதா சம்மணமிட்டு, மடியில் கணினியோடு கண்களை மூடிக்கொண்டார். நானும் ஓரத்தில் படுத்தேன், முன்மாதிரியாக இருக்க வேண்டுமே. ஒலிபெருக்கியில் அந்தச் சாப்பிடாத பெண் பேசினாள். பின்னணியில் ஏதோ நீரோடை சலசலத்தது. தோளைத் தளர்த்தச் சொன்னாள், தாடையைத் தளர்த்தச் சொன்னாள். எல்லாரும் பணிவாகத் தளர்த்தினார்கள். எனக்கே கண் சொருகியது. நிரந்தரம் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இப்போது," என்றாள் அவள், "எல்லா ஒலிகளும் அடங்குகின்றன. முழு அமைதி."

நீரோடை நின்றது. விசிறியின் சத்தம்கூட இல்லை, மலைக்குளிரில் யார் விசிறி போடுவார்கள்? ஒரு கணம், அவ்வளவுதான்.

"நின்னுபோச்சு!" என்று ஆறுமுகம் கத்தினான்.

நாற்பது பேரும் ஒரே உதறலில் எழுந்தார்கள். பாய் பறந்தது, சோப்பு டப்பா உருண்டது. வாசலை முட்டிக்கொண்டு வெளியேறி, முற்றத்தைத் தாண்டி, விடுதியின் வேலியோரம் மிளகுக்கொடி வரைக்கும் ஓடி நின்றோம். ஆம், நின்றோம். கூட்டத்துக்கு முன்னால் ஓடியது நான். ஸ்விட்சைத் தேடி என் வலது கை காற்றில் நீண்டிருந்தது. எதிரே பள்ளத்தாக்கும் மேகமும்தான் இருந்தன.

"சார், மிசினு எங்க சார்?" என்றான் ஆறுமுகம், மூச்சு வாங்கிக்கொண்டு.

கூடத்துக்குத் திரும்பினேன். நிவேதிதா கண்ணைத் திறந்து காலிப் பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் கணினித் திரை முழுக்கச் சிவப்பு. எல்லார் போனிலிருந்தும் ஒரே நேரத்தில் அந்தப் பெண் பேசினாள்: "நீங்கள் பதற்றமாக இருக்கிறீர்கள். மெதுவாக மூச்சை இழுங்கள்."

"சார், எல்லாரும் எங்க போனாங்க?" என்றார் நிவேதிதா.

"மேடம், அது வந்து... நடைத் தியானம்" என்றேன்.

அவர் சிவப்புத் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தடவை பார்ப்போம். அதுவும் இப்படின்னா நான் ரிப்போர்ட்ல உண்மையைத்தான் எழுதணும், தப்பா நினைக்காதீங்க."

சாம்பார் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மறுபடி இரவு ஷிப்ட், மறுபடி யாழினி கட்டிலைக் காட்டுவாள். கை கழுவும் இடத்தில் நின்று செல்விக்கு போன் போட்டேன்.

"இன்னாங்க, ஆபீசர் வேலை இன்னா ஆச்சு?"

"போய்டும் போலக்குது."

"போனா போவுது, வூட்டுக்கு வா. கொழந்தை உன் செருப்பைப் போட்டுக்கினு நடக்குது, பாக்க ஆளில்ல" என்றாள். ஆறுதல்தான். அது இன்னும் கொஞ்சம் வலித்தது.

சாப்பாடு முடிந்து எல்லாரும் மறுபடி படுத்தபோது மின்சாரம் போனது. ஒலிபெருக்கி பேசத் தொடங்குமுன்பே செத்தது. இது போதாதென்று கூடத்தின் பின்சுவரை ஒட்டியிருந்த டீசல் ஜெனரேட்டர் தடதடவென்று உறுமத் தொடங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, தரை அதிர்ந்தது. பின்பக்கம் ஓடிப்போய் விடுதிக்காரரிடம் கெஞ்சினேன்.

"நிறுத்துங்க அண்ணே, உள்ள தியானம் நடக்குது!"

"மோட்டார் ஓடுனாதான் தொட்டிக்குத் தண்ணி ஏறும். நாப்பது பேரு துன்ன பாத்திரத்த நான் தியானத்துலயா கழுவறது?" என்றார்.

தோற்றுப்போய்த் திரும்பி வந்தேன். கூடத்துக்குள் காலை வைத்ததும் ஒரு பழக்கமான ஒலி காதில் விழுந்தது. ஜெனரேட்டருக்கு அடியில், அதோடு சுருதி சேர்ந்து, நாற்பது குறட்டை! சின்னப்பொண்ணு அக்கா வாயைத் திறந்தபடி, ஆறுமுகம் சோப்பு டப்பாவைக் கட்டிப்பிடித்தபடி. நிவேதிதாவின் திரையில் ஒவ்வொரு பெயராகப் பச்சைக்கு மாறிக்கொண்டிருந்தது. எனக்கு மண்டையில் யாரோ தட்டிய மாதிரி எல்லாம் விளங்கியது. மெத்தைக்குக் கொடுத்த காசு முதல் எல்லாம்.

"என்ன சார் இது?" என்று அவர் என் காதருகே கத்தினார். "நம்ம கம்பெனியோட எந்த ஆலையிலயும் இந்த ஸ்கோர் வந்ததே இல்ல! எந்த செஷன் போட்டீங்க?"

"எங்க ஊர் முறை மேடம்!" என்று நானும் கத்தினேன். விளக்கிச் சொல்வதற்குள் அவருக்கே கொட்டாவி வந்தது. மலைப்பயணம், வயிறு நிறைய சாப்பாடு, தடதட. சுவரில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். நான் எப்போது படுத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

தொட்டி நிறைந்தது. விடுதிக்காரர் ஜெனரேட்டரை நிறுத்தினார்.

அப்புறம் என்ன, அதே ஓட்டம், அதே வேலி, அதே மிளகுக்கொடி. ஒரே வித்தியாசம், இந்த முறை எனக்கு முன்னால் ஒரு ஆள் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு, கையில் கணினி. "கரடியா? கரடியா?" என்று கத்திக்கொண்டே ஓடியது நிவேதிதாதான்.

வேலியோரம் மூச்சு வாங்கியபடி நின்று, நடந்ததை அவருக்குச் சொன்னேன். சத்தம் என்றால் எங்களுக்கு எல்லாம் நலம், அமைதி என்றால் ஆபத்து என்று சொன்னேன். நான் எழுதிய மின்னஞ்சல் முழு அபத்தம் என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். ஆறுமுகம் சிரித்தான். சின்னப்பொண்ணு அக்கா, "நல்லா ஓடறீங்கம்மா, நம்ம ஆலைக்கே வந்துடுங்க" என்றதும் மலையே சிரித்தது. பிறகு எல்லாரும் அருவிக்குப் போனோம். அங்கேயும் பாறையில் நாலு பேர் தூங்கிவிட்டார்கள், விழுகிற தண்ணீர் நிற்காதே!

அடுத்த வாரமே எங்கள் அரவை மெஷினின் சத்தத்தைப் பதிவு செய்து செயலியில் ஏற்றினார்கள். முடிவில் சத்தம் சட்டென்று நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். இன்றைக்கும் எங்கள் ஆலையில் அதைத்தான் கேட்கிறார்கள். சாப்பிடாத பெண்ணை யாரும் தேடுவதில்லை. என் நிரந்தர ஆணையில் நிவேதிதா கையெழுத்துப் போட்டார். கீழே பேனாவால், "நடைத் தியானம் அருமை" என்று எழுதியிருந்தார்.

யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இரவு என் தலைமாட்டில் போன் தடதடவென்று அரைத்துக்கொண்டிருக்கும், செல்வி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுப்பாள். என் போனில் மட்டும் முதலில் எடுத்த, சத்தம் குறைக்காத பதிவு, சட்டென்று நிற்கிற ரகம். காலையில் என்னை எழுப்புவது யாழினியின் வேலை. கூப்பிடமாட்டாள், தொடமாட்டாள். போனை மட்டும் நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடிப்போய் நின்றுகொள்வாள். அடுத்த நொடி நான் லுங்கியைப் பிடித்துக்கொண்டு, கையை நீட்டியபடி, வாசல்வரை ஓடி வந்து அவள்மேல் மோதி நிற்பேன்.

"அம்மா, அப்பா வந்தாச்சு!" என்று கத்துவாள்.

அப்பா எங்கே என்று யார் கேட்டாலும் இப்போது அவள் கட்டிலைக் காட்டுவதில்லை.