நமுனுகுலையில் ஓர் ஏசி

"இந்தப் பெட்டி எவ்வளவு சூடு விடும்?"

"பக்கத்தில முட்டை வைச்சால் குஞ்சு பொரிக்கும்."

"அப்ப நான் இங்க இருந்தே கணக்குப் பாக்கட்டோ? அங்க விரல் விறைக்குது."

ஆர்த்திகா வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் நடந்த இந்தப் பேச்சை நிருபன் மனப்பாடமாக வைத்திருந்தான். மலைநாட்டு நமுனுகுலையில், தேயிலைக் கம்பனி அலுவலகத்துக்குள்ளேயே மூடுபனி வந்து உட்காரும். கணக்குப் பிரிவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆர்த்திகா, கணினி அறையில் சூடு கக்கும் பழைய சேர்வர் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக்கொண்டாள். கணினிப் பொறுப்பாளனான நிருபன் அவளைக் கலியாணம் கேட்க ஒன்றரை வருடமாக நினைத்திருந்தான். கேட்டு, அவள் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்?

2004இல் பழைய சேர்வர் தள்ளாடத் தொடங்கியது.

"இட்டேனியம், சியோன், ஒப்டெரோன் எண்டு மூண்டு சொல்லுறாங்கள். எந்தப் புரொசசர் எங்களுக்குச் சரியெண்டு ஒப்பிட்டு எழுதும்" என்றார் மேலதிகாரி தர்மராசா.

நிருபன் நேர்மையாகவே எழுதினான். ஒப்டெரோனில் பழைய மென்பொருளும் ஓடும், புதியதும் ஓடும், சூடும் குறைவு. அதை வாசித்த ஆர்த்திகாவின் முகம் வாடியது.

"சூடு குறைவோ?"

"நல்லாக் குறைவு."

"ஓ" என்றாள். அலுவலக அடுப்படியிலிருந்து மீனாம்பாள் கொண்டுவந்த தேநீரை அன்று அவள் தொடவில்லை.

அன்று மாலையே நிருபன் அறிக்கையைக் கிழித்தான். இட்டேனியமே எதிர்காலம் என்று புதிதாக எழுதினான். மூன்றிலும் அதுதான் அதிகம் சுட்டது.

"எங்கட சம்பள மென்பொருள் இதில ஓடுமோ?" என்று கேட்டார் தர்மராசா.

"ஓடும் சேர். இந்தப் புரொசசருக்கு வேற பாஷை. மொழிபெயர்த்து மொழிபெயர்த்து, கொஞ்சம் மெதுவா ஓடும்."

"எவ்வளவு மெதுவா?"

"சித்திரைச் சம்பளம் வைகாசியில வரும்."

"தம்பி, தோட்டத்துச் சனம் என்னையெல்லோ கொளுத்தும்!"

மூன்றாவது அறிக்கையில் ஒரே பெட்டிக்குள் இரண்டு சியோன் இருந்தன. சம்பளமும் ஓடும், சூட்டுக்கும் குறைவில்லை. தர்மராசா எதையும் முழுதாக வாசிக்கும் மனிதரல்ல. அன்று மழை, வேறு வேலையில்லை, முழுதாக வாசித்தார்.

"நல்லது. இதையே எடுப்பம். ஆனா இவ்வளவு சூடெண்டால் பெட்டி பழுதாப்போயிடும். ஏசி பூட்டுவம்."

"நமுனுகுலையிலயோ சேர்?"

"நீர்தானே 'வெப்பம் மிக அதிகம்' எண்டு எழுதி அடியில கோடும் போட்டிருக்கிறீர்."

ஏசி வந்தது. ஊவா மாகாணத்திலேயே குளிரான அறை நிருபனுடையதாயிற்று. கம்பளித் தொப்பியும் மப்ளருமாக உட்கார்ந்து, காலியான கதிரையைப் பார்த்தான். இனி அவள் ஏன் வரப்போகிறாள்?

வந்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அதே கதிரையில் உட்கார்ந்து கணக்கைத் திறந்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில் விரல்களை ஊதிச் சூடாக்கினாள்.

அவனால் பார்க்க முடியவில்லை. "ஆர்த்திகா, இனி இங்க வராதேங்கோ. மீனாம்பாளின்ர அடுப்படியில போய் இருங்கோ. அங்கதான் சூடு."

அவள் கணக்கின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

தேநீர்க் கோப்பைகளை மேசையில் வைத்த மீனாம்பாள், முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

"மிஸ்ஸு சேந்த நாள்லருந்து நானும் அதத்தாங்கய்யா சொல்றேன்; அங்க அடுப்பு இருக்கு, ஐயா இல்லையேன்னு வரமாட்டேங்குறாங்க. கேக்க வேண்டியத சட்டுன்னு கேட்டுருங்க, இந்த ஐஸ் ரூமுக்குத் தேத்தண்ணி தூக்க இனி என்னால ஆகாது!"