முந்தானைக் குழியில் விழுந்த சம்பந்தி

எல்லாக் குடும்பத்திலும் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்த ஆள் என்று ஒருவர் இருப்பார். பாயசத்தில் உப்பைக் கொட்டியவர், தாலியை வீட்டிலேயே வைத்துவிட்டு மண்டபத்துக்கு வந்து நின்றவர், இப்படி யாராவது. எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி இத்தனை வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது. போட்டிக்கு ஒருவரும் வரவில்லை. ஆனால் ஒன்று, இதுவரை நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. இனியும் கேட்கிற உத்தேசம் இல்லை. ("திமிரு" என்பாள் அக்கா. ஆமாம், திமிருதான்.)

எல்லாவற்றுக்கும் காரணம் சில பழைய பத்திரிகைகள். அவற்றை இன்னும் வைத்திருக்கிறேன். போன வாரம்கூட எடுத்துப் படித்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் எங்கள் வீட்டில் மூன்று பட்டுத் தறிகள் ஓடின. அப்பாதான் டிசைனும் போடுவார். நெய்த புடவை மடிப்புக்குள் வைக்க வழவழப்பான தாள் வேண்டும் என்று, வெளிநாட்டுப் பழைய பேப்பரை எடைக்கு வாங்கி வருவார். அப்படி வந்த ஒரு கட்டில் இந்தப் பத்திரிகைகள் இருந்தன. அட்டையில் வாளும் கையுமாக ஒரு பெண், அவளுக்குப் பின்னால் நெருப்பைக் கக்கிக்கொண்டு ஒரு டிராகன். எனக்கு அப்போது பதினாறு வயசு. இதை மடித்துப் புடவைக்குள் வைக்க எப்படி மனசு வரும்?

அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்ததில் விஷயம் மெதுவாகப் பிடிபட்டது. அது ஒரு விளையாட்டைப் பற்றிய பத்திரிகை. நாலு பேர் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் பாதாளக் கோட்டை ஒன்றை வரைபடமாக வைத்துக்கொண்டு கதை சொல்வார். மற்றவர்கள் தங்களை வீரன், மந்திரவாதி, திருடன் என்று நினைத்துக்கொண்டு, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் வாளை உருவுகிறேன்" என்று சொல்ல வேண்டும். நினைத்தது நடக்குமா நடக்காதா என்பதை இருபது பக்கம் உள்ள ஒரு பகடை சொல்லும். (இருபது பக்கமா, அச்சுப்பிழை என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.)

விளையாட்டின் விதிப்புத்தகம் எங்களுக்கு வரவே இல்லை. வந்ததெல்லாம் கட்டுரைகள். அவற்றை எழுதியவர்களுக்கு வேறு வேலை இருந்ததா என்று தெரியவில்லை. குள்ளர்களுக்கு நீச்சல் வருமா என்று மூன்று பக்கம் சண்டை. பாதாளத்தில் பூதங்கள் எங்கே சமைக்கும், புகை எப்படி வெளியே போகும் என்று ஒருவர் படம் போட்டு விளக்கியிருந்தார். இன்றைக்குப் படித்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் இல்லாத ஊரைப் பற்றி இவ்வளவு பொறுப்பாகக் கவலைப்பட்ட மனுஷர்களை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எங்கள் தெருவில், நிஜமாக இருக்கிற ஊரைப் பற்றியே ஒருவரும் கவலைப்படவில்லை.

பல கட்டுரைகளுக்கு முடிவு கிடையாது. நான் பார்ப்பதற்கு முன்பே அப்பா பாதிப் பக்கங்களைக் கிழித்து எடுத்திருந்தார். மந்திரவாதி பாதி மந்திரம் சொல்லும்போது கட்டுரை அறுந்துவிடும். மீதி ஏதோ ஒரு புடவைக்குள் புகுந்து சேலத்துக்கோ சென்னைக்கோ போயிருக்கும்.

விதி இல்லாத இடத்தில் நானே விதி போட்டேன். பகடைக்குப் பதில், ஊடை நூல் சுற்றுகிற தார்க்குச்சிகள் இருபதில் நம்பர் எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கினேன். பெரிய நம்பர் வந்தால் நினைத்தது நடக்கும், சின்னது வந்தால் நடக்காது. கோட்டை வரைபடத்தைக் கட்டம் போட்ட தாளில்தான் வரைய வேண்டும் என்று கட்டுரை சொன்னது. எங்கள் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சம் வந்தாலும் கிராப் தாளுக்குப் பஞ்சம் வராது. புடவை டிசைன் எல்லாமே அதில்தானே வரைவார்கள். அப்பாவின் சிவப்பு மையை எடுத்து, சுவர், வாசல், சமையல்கட்டு, குழி, நடு அறையில் தங்கத்தின் மேல் படுத்திருக்கும் டிராகன் என்று ஒரு முழுத் தாளையும் நிரப்பினேன். அம்மா கண்ணில் பட்டால் அடுப்புக்குப் போய்விடும் என்று, அதைச் சுருட்டி அப்பா டிசைன்கள் வைக்கும் தகர டப்பாவிலேயே ஒளித்து வைத்தேன். (புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டது நினைவிருக்கிறது.)

அந்தச் சமயத்தில்தான் சுமதி அக்காவுக்குத் தெள்ளாரில் மாப்பிள்ளை அமைந்தது. ரைஸ் மில் வைத்திருக்கும் குடும்பம். அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. போட்டோவை என் பத்திரிகை ஒன்றுக்குள்தான் வைத்திருந்தாள், வீட்டில் வேறு யாரும் தொடாத புத்தகம் அதுதான் என்பதால். தினமும் பொழுது போனால் வந்து, "உன் பேய் புஸ்தகத்தக் குடுடி" என்பாள்.

மாப்பிள்ளையின் அம்மாவை நாங்கள் தெள்ளார் அத்தை என்போம். மில்லையே தனி ஆளாக ஆட்டி வைக்கிறவர். முகூர்த்தப் புடவை எடுப்பது அவர்கள் வீட்டு முறை. ஆனாலும், "நீங்களே பட்டு நெய்யறவங்க, நான் எதுக்குக் கடைக்குப் போவணும்? நீங்களே நெய்ங்க. முந்தானையில மட்டும் அன்னப்பட்சி இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். அப்பா அன்னப்பட்சியை அழகாகக் கிராப்பில் போட்டு முடித்தார். நான் அதை அட்டை குத்துகிறவரிடம் கொண்டு கொடுக்க வேண்டும். கிராப்பில் சிவப்பு இருக்கிற கட்டத்துக்கு எல்லாம் அவர் அட்டையில் ஓட்டை போடுவார். அந்த அட்டை தறிக்கு மேலே ஏறினால், ஓட்டை சொல்கிற இடத்தில் எல்லாம் சரிகை விழும்.

எனக்கோ அன்று சாயங்காலம் ஆட்டம். தோழிகள் வந்து காத்துக்கொண்டிருந்தார்கள். டப்பாவில் கையை விட்டேன், ஒரு சுருளை எடுத்தேன், சைக்கிளில் பறந்தேன். எந்தச் சுருள் என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. அட்டை குத்துகிறவரும் கேட்கவில்லை. அவருக்குக் கட்டம்தான் கணக்கு. பஞ்சாயத்துத் தேர்தல் வரைபடத்தைக் கொடுத்தாலும் குத்தித் தருவார்.

அப்பா கல்யாணப் பத்திரிகை வைக்கத் தேசூர், வந்தவாசி என்று ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார். தறியில் இருந்தவர் முனிரத்தினம் அண்ணன். தறியில் முந்தானை ஒரு சாண்தான் கண்ணுக்குத் தெரியும், மீதி உருளையில் சுற்றிக்கொண்டு போய்விடும். கோடு கோடாக, பெட்டி பெட்டியாக வருவதைப் பார்த்தவர், "கம்ப்யூட்டர் டிசைன் போலக் கீது. இப்பல்லாம் அதான் ஓடுதாம்" என்று நெய்து முடித்துவிட்டார்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது தெள்ளார் அத்தையும் அவர் வீட்டுக்காரரான மாமாவும் புடவையைப் பார்க்க வந்தார்கள். அன்று காலையில்தான் தறியிலிருந்து அறுத்திருந்தது. அப்பாவே பெருமையாகப் பாயில் விரித்தார். அரக்குச் சிவப்பில், சுத்தச் சரிகையில், மதில் மதிலாக என் பாதாளக் கோட்டை கிடந்தது. எந்தச் சுருளை எடுத்துப் போனேன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. (அதோடு, எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்றும் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன்.)

அம்மா, "காப்பி எடுத்தாரேன்" என்று சமையல்கட்டுக்குள் போனவள் திரும்பி வரவே இல்லை. மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்தை குனிந்து பார்த்தார்.

"இன்னாமா இது? அன்னப்பட்சி எங்க?"

அப்பா முந்தானையைப் புரட்டி மறுபக்கம் பார்த்தார்.

"நடுவுல பல்லி கீது" என்றார் அத்தை.

"பல்லி இல்லீங்க அத்தை" என்றேன் நான். "டிராகன். தங்கத்தக் காவல் காக்குது."

"யாரு தங்கத்த?"

"உள்ள போயி ஜெயிக்கிறவங்களுக்கு அது சொந்தம்."

அந்த நிமிஷம் ஒரு கட்டுரை ஞாபகம் வந்தது. ஆட வந்தவர் எதைக் கேட்டாலும் திணறாதே, "நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்" என்று திருப்பிக் கேள் என்று அதில் எழுதியிருந்தார்கள். கேட்டேன்.

"நீங்க இப்ப இந்த வாசல்ல நிக்கிறீங்க அத்தை. இன்னா செய்யப் போறீங்க?"

"உள்ள போவேன். வெளிய நின்னுகினா இருப்பேன்?"

சொம்பை எடுத்து வந்துவிட்டேன். அப்பா கண்ணால் கெஞ்சினார், நான் பார்க்கவில்லை. அத்தை சரிகை மேல் விரலை வைத்து நடந்தார். முதல் அறையில் இரண்டு காவல் பூதங்கள். என் தோழிகளாக இருந்தால் வாளை உருவுவார்கள். அத்தை, "இவனுங்களுக்குச் சம்பளம் யாரு குடுக்கறா? நம்ம மில்லுக்கு மூட்டை தூக்க வரானுங்களான்னு கேளு" என்றார். குச்சி எடுத்தார், பதினெட்டு. இரண்டு பூதமும் வேலைக்குச் சேர்ந்துவிட்டன. சமையல்கட்டைப் பார்த்து, "புகை போக வழியே வைக்கலியே" என்று என்னைத் திட்டினார். அந்தக் கட்டுரையை எழுதியவர் கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பார்.

அடுத்தது நீளமான நடை. "தரையப் பாத்துகினு போறீங்களா அத்தை?"

"நான் எதுக்குத் தரையப் பாக்கணும்? என் வழியில நான் போறேன். ஜல்தி சொல்லு."

குச்சி எடுத்தார். இரண்டு. நான் ஆட்டத்தில் இருந்தேன், கல்யாண வீட்டில் இல்லை. அதனால் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"குழி. அடியில ஈட்டி. நீங்க செத்துட்டீங்க அத்தை."

மாமா முதல் தடவையாகப் பேப்பரைக் கீழே இறக்கி, "அப்பிடியா?" என்றார்.

அத்தை எழுந்து பையை எடுத்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. "கல்யாணத்த மூணு நாளுல வெச்சுகினு, பல்லியப் போட்டுப் பொடவ நெய்ஞ்சு, மாமியாக்காரியக் குழியில தள்ளிச் சாவடிக்கிறாங்க. இந்த வீட்டுல பொண்ணு எடுக்கறதப் பத்தியே யோசிக்கணும் சம்பந்தி" என்றார். அப்பா கை கூப்பினார். எனக்கு முதல் தடவையாக நிஜமாகவே பயம் வந்தது, அக்கா ஒளித்து வைத்திருந்த அந்த போட்டோவை நினைத்து.

அப்போதுதான் அக்கா உள் அறையிலிருந்து வந்தாள். அழவில்லை. நேராக என் எதிரில் உட்கார்ந்தாள்.

"செத்தவங்கள எழுப்ப உன் புஸ்தகத்துல வழி கீதா இல்லியா, அதச் சொல்லுடி."

செத்தவர் திரும்பி வரலாமா என்று ஒரு கட்டுரை உண்டு. கேள்வியைக் கேட்ட இடத்தோடு பக்கம் கிழிந்துபோயிருந்தது. பதில் எனக்குத் தெரியாது.

"இருக்கு" என்றேன். "கூட வந்தவங்க யாராவது நடு அறைத் தங்கத்த மொத்தமா விட்டுக் குடுக்கணும். தங்கமா, அத்தையா. ஒண்ணுதான்."

அக்கா முந்தானையைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. உடனே சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை. 

"அத்தைய எழுப்புடி" என்றாள் கடைசியில். "தங்கத்த அந்தப் பல்லியே வெச்சுக்கட்டும்."

வாசல் வரை போன அத்தை திரும்பி வந்தார். "யோசிச்ச இல்ல?"

"ஆமாங்க அத்தை."

"எவ்ளோ தங்கம் அது?" என்று என்னைக் கேட்டார்.

"ஒரு அறை பூரா."

அத்தை பையைக் கீழே வைத்தார். "அறை பூரான்னா நானும் கொஞ்சம் யோசிச்சுதான் இருப்பேன்" என்று பாயில் உட்கார்ந்தார். "பொய் சொல்லல, அது போதும். இந்தா, நான் எழுந்துட்டேனா? இப்ப எந்தப் பக்கம் போறது?"

அக்கா அதே புடவையைக் கட்டிக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தாள். கேட்டவர்களுக்கு எல்லாம் அத்தை, "கோட்டை டிசைன்" என்று சொன்னார். அப்பா அதற்கப்புறம் அதே அட்டையில் நாலு புடவை நெய்து விற்றார், பல்லியை மட்டும் எடுத்துவிட்டு. அதையும் என் மேல் இருக்கிற குற்றப் பட்டியலில்தான் சேர்க்கிறார்கள்.

பத்து வருஷம் கழித்து ஆரணியில் பிரவுசிங் சென்டர்கள் வந்தபோது அந்தக் கட்டுரையைத் தேடினேன். யாரோ ஒரு புண்ணியவான் பழைய இதழ்களைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். கிழிந்துபோன பக்கம் கிடைத்தது. செத்தவரைத் திருப்பிக் கொண்டுவரவே கூடாது, அப்படிச் செய்தால் ஆட்டத்துக்கே மரியாதை போய்விடும் என்று அடித்து எழுதியிருந்தார் அந்த ஆள். நல்லவேளை அப்பா அதைக் கிழித்தார். எழுதியவர் பெரிய ஆளாக இருக்கலாம், ஆனால் அவர் வீட்டுப் பாயில் சம்பந்தியம்மா செத்துக் கிடந்ததில்லை. அவர் சொன்னது தப்பு, நான் சொன்னதுதான் சரி. எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அன்றிலிருந்து அக்கா வீட்டில் காப்பி வர ஐந்து நிமிஷம் தாமதமானால் போதும், "இன்னா, தங்கத்தப் பத்தி யோசிச்சுகினு கீறியா?" என்று அத்தையின் குரல் வரும். பேரப் பிள்ளைகள்வரை அதைச் சொல்லப் பழகிவிட்டார்கள்.

அப்புறம் ஒரு வருஷம் அத்தைக்கு நெஞ்சில் பெரிய ஆபரேஷன். வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மில் அப்போது நொடித்துப் போயிருந்தது, ஆஸ்பத்திரிக்குக் கட்டப் பணம் இல்லை. மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் நானும் அக்காவும் நின்றோம். அத்தை அக்காவின் முகத்தைப் பார்த்தார், அப்புறம் தங்க வளையல் இல்லாத அவள் இரண்டு கையையும் பார்த்தார். 

"இந்தத் தபா யோசிக்கலியா?" என்றார்.

"யோசிச்சேன் அத்தை" என்றாள் அக்கா. "கொஞ்சம்."