பண்ணையில் கொழுப்பு வாங்கப் போன கதை

வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறேன். ஆனா இப்பவே இல்ல. முதல்ல கொஞ்சம் பாடம்.

நான் மன்னார்குடியில பதினொண்ணாவது படிக்கிறேன். உயிரியல் சார் மூக்கால பேசுவார். "செல்லைச் சுத்தி ஒரு சவ்வுடா. ரெண்டு வரிசை கொழுப்பு. தலை தண்ணியைத் தேடும், வால் தண்ணியைக் கண்டா ஒதுங்கும். அதனால வாலெல்லாம் உள்ளே, தலையெல்லாம் வெளியே."

கடைசி பெஞ்சுலேருந்து நான் அதே மூக்கால முடிச்சு வெச்சேன். "கூலிப் பேச்சுல மிராசுதாரும் சங்கமும் முதுகைக் காட்டி உக்காந்த மாதிரி."

வகுப்பே சிரிச்சுது. சார் சிரிக்கல. நீங்களும் பொறுங்க.

சனிக்கிழமை சார் கூப்பிட்டார். "திங்கக்கிழமை செய்முறைத் தேர்வு. கொழுப்புச் சோதனைக்கு வெண்ணெய் வேணும். உங்க ஊர்ப் பண்ணைக் காரியஸ்தர்ட்ட இந்தச் சீட்டைக் குடு. வெறுங்கையோட வந்தா பரீட்சை கிடையாது."

சீட்டை நாலா மடிச்சு, சோத்துப் பருக்கையால ஒட்டியிருந்தார்.

அந்தப் பண்ணைப் பக்கம் நான் தலைகாட்டறதே இல்ல. போன அறுவடையில கூலி பத்தலன்னு எங்க தெருவே வயல்ல இறங்கல. நான் வைக்கப்போர் மறைவுல நின்னு, அந்தக் காரியஸ்தர் குரல்ல, "கேட்ட கூலி உண்டு, இறங்குங்க"ன்னுட்டேன். எல்லாரும் அறுத்து முடிச்சு, கேட்டபடியே நெல் அளந்து வாங்கிட்டுத்தான் நகர்ந்தாங்க.

மறுநாள் பண்ணைக்குப் போனேன். காரியஸ்தர் சீட்டைப் பிரிச்சுப் படிச்சார். அவர் சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தேன்.

"கொழுப்பா? எடுத்துடலாம் தம்பி. அதுவரைக்கும் வயல்ல கிடக்கற கதிர்க்கட்டையெல்லாம் களத்துல சேத்துடு."

சேத்தேன். வயலுக்கும் களத்துக்கும் நடந்து முழங்கால் கழண்டுது.

"ஐயா, இன்னும் ஆகலீங்களா?"

"கொழுப்பு லேசுல இறங்குமாடா?"

வெண்ணெய் திரள நேரமாகும்தானேன்னு நினைச்சேன். சும்மா இருந்தேனா? அவருக்கே பாடம் எடுத்தேன். "கொழுப்புதாங்க உடம்போட குதிர். தின்னு மிஞ்சினது அதுலதான் சேரும். வேலை செஞ்சா கரைஞ்சு சக்தியாகும்."

"அட, அப்படியா? அப்ப இன்னும் பத்துக் கட்டு தூக்கு."

வெயில் சாயறப்ப ஒரு தூக்குல வெண்ணெய் குடுத்தார். சீட்டையும் திருப்பிக் குடுத்தார். "பின்னாடி பதில் எழுதியிருக்கேன். சார்ட்ட குடுத்துரு."

வாய்க்கால் கரையில உக்காந்து சீட்டைப் பிரிச்சேன்.

"பையனுக்குக் கொழுப்பு ஜாஸ்தி. எடுத்துட்டு அனுப்பவும். கொஞ்சம் வெண்ணெயும்."

பின்னாடி காரியஸ்தர் கையெழுத்து: "எடுத்தாச்சு. மிச்சம் இருந்தா மறுபடி அனுப்பவும்."

தூக்குல வெண்ணெய் உருகிடுச்சு. எனக்கு அப்பத்தான் உறைச்சுது.