குழலுக்குள் ஈரம்

“நான் செஞ்ச குழலை எவனோ ஊதறான்! உள்ள ஈரமா இருக்கு. மத்தியானம் நான் தூங்கறப்ப எவனோ வீட்டுக்குள்ள வர்றான்!”

மூன்று நாளாக எவ்ரார் இதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஜிஸ்லேன் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டாள்.

“எவன்?”

“கொர்னேய்தான். அந்த முரசுக்காரன்!”

“அவன் வந்தா இந்தத் தெருவே அதிருமே. உங்களுக்கு மட்டும் கேக்கலையா?”

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. புனிதர் பவனியில் நெப்போலியன் காலத்துச் சீருடை மாட்டி, துப்பாக்கி வெடித்து நடப்பதற்கென்றே பிறந்த ஊர் அது. பெல்ஜியத்தில் பாதிப் பவனிப் படைகளுக்கு அந்தக் காலத்து அளவிலேயே மரக்குழல் கடைந்து கொடுப்பவன் எவ்ரார். இந்த வருஷம் ஊர்ப் படையில் தலைமைக் குழல் பதவி காலி. அதில் எவ்ராருக்கு ஒரு கண்; கொர்னேய்க்கும் இருக்கும் என்று இவன் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மதுக்கடையில் முதலில் ஒரே மடக்கில் குடித்துக் கோப்பையைத் தரையில் உடைப்பவருக்கே பதவி. உடைத்த பிறகு மறுபேச்சே இல்லை.

அந்த ஞாயிறு மத்தியானம் தூங்கப் போகுமுன் எவ்ரார் பொறி வைத்தான். குழலின் வாய்த்துளையைச் சுற்றி விளக்குக் கரியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசினான். துளை அடைத்துவிட்டதோ என்று ஒரு ஊது ஊதியும் பார்த்தான். குழலைக் கையில் எடுத்தால் ஊதாமல் கீழே வைத்தறியாத மனுஷன்.

சாயங்காலம் மதுக்கடையில் ஒவ்வொருவன் வாயையும் துப்பறிந்தான். கொர்னேய் உதடு பளபள. மற்றவர்கள் ஏனோ இவனையே பார்த்துச் சிரித்தார்கள்.

படைக் கேப்டன் கோப்பையை நிரப்பினார். “தலைமைக் குழல் யாருக்கு?”

கூட வந்திருந்த ஜிஸ்லேன் அவன் காதில் சொன்னாள்: “ஊரான் வாயைப் பாத்தது போதும். போய்க் கண்ணாடியில உங்க வாயைப் பாருங்க.”

கடையின் கழிவறைக்கு ஓடினான். கன்னங்கரேலென்று ஒரு வாய்! சோப்புப் போட்டுத் தேய்த்தான். கரி மூக்குக்கு ஏறியதுதான் மிச்சம். வெளியே ‘சிலீர்’ என்று கோப்பை உடைந்தது. கைதட்டல். பின்னாலேயே பிசிறில்லாமல் ஒரு குழலோசை.

பாய்ந்து வந்தான். ஊதிக்கொண்டிருந்தவள் ஜிஸ்லேன்.

“நீயா?”

“புது மரத்தைத் தினம் பத்து நிமிஷம் ஊதலைன்னா வெடிச்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்க குறட்டை விட்டுக்கிட்டிருந்தீங்க. நான் ஊதினேன்.”

“அப்ப கரி?”

“நீங்க வாய் வெச்சதைத் துடைக்காம நான் ஊதுவேனா?”

கேப்டன் அவள் பெயரை எழுதி முடித்தார். கொர்னேய் முரசை அடித்தான். எல்லோரும் அவள் பின்னால் வரிசை கட்டினார்கள்.

“கேப்டன்… கடைசி வரிசையிலயாவது எனக்கு ஒரு இடம் குடுங்களேன்?”